வெள்ளைக் கட்டை மட்டும்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கீபோர்டு தனபால் என்கிற நான். எனக்கு எதிரே முத்துப்பிரியா. செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிற பெண், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள், ஒரே பாட்டில் ஊர் முழுக்கத் தெரிந்தவள். அவளுக்குத் துணையாக வந்த ஹாஸ்டல் தோழி ஜெயா. சேனல் நடத்துகிற நவீன். கேமரா பிடித்த அவனுடைய மச்சான் மஞ்சு.

இவர்கள் போக மூலையில் ஒரு கீபோர்டும் இருந்தது. அது யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வாசிக்கச் சொல்வார்கள் என்று பயம்.

ஓசூரில், பாகலூர் ரோட்டில் டயர் கடைக்கு மேலே இருக்கிற அறை அது. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவர் முழுக்க ரோஜாப்பூ அனுப்பும் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஒட்டியிருந்தார்கள். நான் வேலை செய்கிற பேக்கிங் ஷெட்டிலும் அதே பெட்டிதான். நாள் முழுக்க அதில் பூவை அடுக்கிவிட்டு, லீவு போட்ட அன்றைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. ஈர அட்டை வாசனை, கீழேயிருந்து ரப்பர் வாசனை, நடுவில் ஜெயா பையில் வைத்திருந்த மிளகாய் பஜ்ஜி வாசனை.

"அண்ணா, ஆங்கர் யாரும் கிடையாது. நீங்க அவங்கள கேளுங்க, அவங்க உங்கள கேக்கட்டும். பழைய ஆளு, புது ஆளு. கிரியேட்டிவிட்டி, ஃபேமு, அந்த மாதிரி சும்மா பேசுங்க" என்றான் நவீன்.

"நான் என்னாத்தப்பா பேசறது?"

"உங்களுக்குத்தான் ஃபேம் இருக்கே அண்ணா" என்று சொல்லிவிட்டு நவீன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். மஞ்சு கேமராவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறார் என்று தெரிந்தது.

அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நான் ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் இருந்தேன்.

கறுப்பைத் தொடாத கை

சென்ற அத்தியாயத்தில் என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றதையும், கிருஷ்ணகிரியில் ஒரு மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்ததையும் சொல்லியிருந்தேன். கீபோர்டு கற்றதும் அங்கேதான். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. யாரோ வாடகைக்கு எடுத்துப்போய் மழையில் நனைத்துக் கொண்டுவந்து போட்ட பழைய கீபோர்டு ஒன்று பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. அதில் கறுப்புக் கட்டை ஒன்றுகூட வேலை செய்யாது. வெள்ளையில் மட்டும்தான் சத்தம் வரும்.

ஆகவே நான் வெள்ளையில் மட்டும் கற்றுக்கொண்டேன். ரேடியோவில் வருகிற பாட்டையெல்லாம் இழுத்து வந்து வெள்ளைக் கட்டையில் உட்கார வைப்பேன். பாட்டு ஒன்றும் சொல்லவில்லை, உட்கார்ந்துகொண்டது.

பிறகு நல்ல கீபோர்டு கைக்கு வந்தது. ஆனால் கை மாறவில்லை. பாடுகிறவர் எந்தச் சுருதியில் பாடினாலும் நான் அதே வெள்ளையில்தான் வாசிப்பேன். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. ப்ளஸ்ஸை ஒரு தட்டுத் தட்டினால் மொத்தச் சுருதியும் அரைக் கட்டை ஏறும். மைனஸ்ஸைத் தட்டினால் இறங்கும். விரல் இருந்த இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் இடம் மாறும். பாட்டு ஆரம்பிக்கும் முன் பட்டனைச் சரி செய்துகொண்டால் போதும்.

ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த காலம் முழுவதும் இதை வைத்தே ஓட்டினேன். எங்கள் பக்கத்து மேடையில் தமிழ்ப் பாட்டு முடிந்ததும் கன்னடப் பாட்டு கேட்பார்கள், அது முடிந்தால் தெலுங்கு. மூன்று பாஷைக்கும் வெள்ளைக் கட்டைதான். என்னைக் கீபோர்டு மாஸ்டர் என்று போஸ்டரில் போட்டார்கள். ஒவ்வொரு மேடையிலும் எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். முறையாகப் படித்தவர் யாராவது மேடைக்குக் கிட்டே வந்து நின்று என் கையைப் பார்த்துவிடுவாரோ என்பது. அதற்காகவே கீபோர்டுக்கு முன்னால் ஒரு ஜரிகைத் துணியைத் தொங்கவிடுவேன். அழகுக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

உத்தனப்பள்ளியில் கரண்ட் போனது

அந்தத் துணியால் மறைக்க முடியாதது உத்தனப்பள்ளித் திருவிழாவில் நடந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

சாயங்காலக் கச்சேரி. பாடியவர் லோகநாதன், நல்ல மேல்குரல். எனக்கு ப்ளஸ் மூன்று. பாட்டின் நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரர் உடனே போட்டுவிட்டார். டிரம்ஸ் நிற்கவில்லை, லோகநாதனும் விடாமல் பாடிக்கொண்டிருந்தார். என் கீபோர்டு அணைந்து மறுபடி எரிந்தது.

அணைந்து எரிந்தால் பட்டன் பூஜ்யத்துக்கு வந்துவிடும். தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் மறந்துவிட்டேன். முறையாக வாசிக்கிறவருக்கு இந்தத் தப்பு நடக்கவே நடக்காது. அவர்தான் பட்டனைத் தொடவே மாட்டாரே.

லோகநாதன் மேலே நிற்கிறார், நான் மூன்று அரைக் கட்டை கீழே போய் விழுந்தேன். மாடு கத்தியதைப் போல ஒரு சத்தம். முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்தை ஒருவர் போனில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் துண்டு வீடியோ எங்கெல்லாம் போனது என்று எனக்குத் தெரியாது. ஷெட்டில் கூட வேலை செய்கிறவர் ரிங்டோனாக வைத்தார். அத்திப்பள்ளி பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுக்காமல் என் முகத்தையே பார்த்தார். டீக்கடையில் ஒருவர் தோளைத் தட்டி, "சார், நீங்கதானே அந்த மாட்டு கீபோர்டு?" என்று மரியாதையாகவே கேட்டார். கூட நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

யாரும் என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் பேசிய பணத்தைக் குறைக்கவில்லை. லோகநாதன் அடுத்த வாரமே போன் செய்தார். நான்தான் போகவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர் நூற்றியோரு ரூபாய் அட்வான்ஸைக் கையில் கொடுக்க வேண்டும். அந்த ஒரு ரூபாய் நாணயமாக இருக்க வேண்டும். வாங்கிவிட்டால் அந்தத் தேதி நம்முடையது இல்லை. காய்ச்சலோ சாவோ, போய் வாசித்தே ஆக வேண்டும். வாங்காதவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உத்தனப்பள்ளிக்குப் பிறகு நான்கைந்து பேர் நூற்றியோரு ரூபாயோடு வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"கைய என்னா பண்ணீங்க, அடகு வச்சுட்டீங்களா?" என்று என் மனைவி கமலா ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை.

பஸ்ஸில் வருது

ஆக, நவீனின் அறையில் எனக்கு இருந்த பயம் சின்னது. இந்தப் பெண் அந்த வீடியோவைப் பற்றிக் கேட்கக் கூடாது. கேட்டால் எழுந்து போய்விடுவது என்று முடிவு செய்து, வாசலுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

முத்துப்பிரியா தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவளுடைய பாட்டும் அப்படித்தான் பரவியது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ராயக்கோட்டை ரோட்டில் போகும்போது, காலைக் குளிருக்கு மாஸ்க்கைக் கழற்றாமலே பாடியிருக்கிறாள். பக்கத்து சீட்டில் இருந்த ஜெயா போனில் எடுத்திருக்கிறாள். சொந்தப் பாட்டு. 'எங்க ஊருக்கு எத்தன ஸ்டாப்பு' என்று தொடங்கும். மாஸ்க் பொண்ணு என்றால் இப்போது பெங்களூருக்காரனுக்கும் தெரியும்.

"ரோலிங்" என்றார் மஞ்சு.

நான் வீட்டில் கமலாவிடம் நாலைந்து முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"படைப்புங்கறது உங்களுக்கு எங்கருந்து வருது?"

"பஸ்ல வருதுண்ணே."

"அது இல்லம்மா, அந்த... கற்பனை."

"அதுவும் பஸ்லதான் வருது. லைன்ல நிக்கையில வராது. கண்ணை எடுத்தா பீஸு போயிரும். ஹாஸ்டல்ல பன்னெண்டு பேரு, ஆளுக்கொரு போனு சத்தம். பஸ்ல மட்டும்தான் யாரும் என்னைய ஒண்ணும் செய்யச் சொல்ல மாட்டாக."

"நான் சொல்வேன்ல" என்றாள் ஜெயா, பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு. "ஏ, தூங்க விடுடின்னு."

"சும்னே இரம்மா" என்று மஞ்சு கன்னடத்தில் அவளை அடக்கினார். ஜெயாவுக்குக் கன்னடம் தெரியாது, ஆனால் அடங்கிவிட்டாள்.

அடுத்தது முத்துப்பிரியாவின் முறை. என் கால் வாசல் பக்கம் திரும்பியது.

"பேரு வந்தா தூக்கம் வருமாண்ணே?"

"எனக்கு அதுக்கு முன்னாடியே வராது" என்றேன்.

நவீன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். நல்ல பதில் போலிருக்கிறது. நான் நடந்ததைத்தான் சொன்னேன்.

"ஏண்ணே வராது?"

"மேடைன்னா ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சுரும். ஒயரு இருக்குமா, ஸ்டாண்டு ஆடுமா, மழ வருமா. மேடை முடிஞ்சா, அந்தப் பாட்டுல அங்க இழுத்தது சரியா தப்பான்னு ஒரு வாரம். ஆக மொத்தம் மாசத்துல ரெண்டு கச்சேரி இருந்தா தூக்கமே கெடையாது."

"அப்ப இப்ப நல்லாத் தூங்குறீகளா?"

இப்போதும் தூங்குவதில்லை. கவலைப்பட ஒயர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, ஆனாலும் பழக்கம் போகவில்லை. ரோஜாத் தண்டு ஒரு பெட்டியில் குட்டையாகப் போயிருக்குமோ என்று முழித்துக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் என் கேள்விக்குத் தாவினேன்.

வேறொருத்தி திறந்த கடை

"மொகத்த ஏம்மா காட்டறதில்ல?"

"மொதல்ல ஒண்ணும் நெனைக்கலண்ணே. குளுருக்குப் போட்டது. பாட்டு ஓடுனதுக்கப்புறம் அதுவே அடையாளமாப் போச்சு. இப்ப என்னன்னா..." அவள் ஜெயாவைப் பார்த்தாள்.

"சொல்லுடி" என்றாள் ஜெயா.

"போன மாசம் கிருஷ்ணகிரியில ஒரு கடை தொறந்தாக. மாஸ்க் பொண்ணு வாராகன்னு போஸ்டரு. நான் அன்னைக்கு செகண்ட் ஷிப்டு, லைன்ல நிக்கிறேன். எனக்கே தெரியாது. எவளோ ஒருத்தி தொப்பி, மாஸ்க்கு எல்லாம் மாட்டிக்கிட்டு வந்து, என் பாட்டை ஸ்பீக்கர்ல போட்டு வாயை மட்டும் அசைச்சு, ரிப்பன் வெட்டிட்டுப் போய்ட்டா."

"மாஸ்க்குக்குள்ள வாய் அசைச்சாளான்னுகூடத் தெரியாது" என்றாள் ஜெயா. "சும்மாவே நின்னிருப்பா கழுத."

மஞ்சு சிரித்ததில் கேமரா ஆடியது. முத்துப்பிரியாவும் சிரித்தாள். கண்ணை வைத்துத்தான் சொல்கிறேன், மற்றது மூடியிருந்தது.

"அவளுக்குச் சேலை ஒண்ணும் குடுத்துருக்காகண்ணே. எங்கம்மா அந்தக் கடைப் போட்டோவைப் பாத்துட்டு, என்னடி இம்புட்டு குண்டாயிட்டன்னு போன் பண்ணுது."

நான் அவளைப் பார்த்தேன். என் முகம் எல்லோருக்கும் தெரியும். நான் செய்த வேலை எதுவும் யாருக்கும் தெரியாது. இவள் செய்தது எல்லோருக்கும் தெரியும். முகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்தேன்.

"அதுக்கு இன்னா பண்ணப்போற?"

"மேடையேறிப் பாடப் போறேண்ணே. ஜவளகிரியில, பொங்கல் கழிச்சு, கோயில்ல கூப்புட்டுருக்காக. அங்க வச்சு மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பாடப்போறேன். அது நான்தான்னு தெரியணும்ல."

"நல்ல விஷயந்தானே."

"நல்ல விஷயம்தான். வாசிக்க ஆளு இல்ல."

எந்தக் கட்டை?

ஓசூரில் கீபோர்டு வாசிக்கிற மூன்று பேரிடம் கேட்டிருக்கிறாள். மூவரும் முறையாகப் படித்தவர்கள். மூவரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: எந்தக் கட்டையில் பாடுவீர்கள்?

"எனக்கு எந்தக் கட்டைன்னு எப்புடிண்ணே தெரியும்? ஷிப்டு முடிஞ்சு வந்தா ஒரு கட்டை, தூங்கி எந்திரிச்சா ஒரு கட்டை, சளி புடிச்சா ஒரு கட்டை. பாட ஆரம்பிச்சாத்தான் அது எங்க நிக்கிதுன்னு எனக்கே தெரியும். போதாததுக்கு நடுவுல ஏத்தம் வேற. 'முதல்ல சுருதியைக் கத்துக்கிட்டு வாம்மா'ங்கிறாக. ட்ராக்கு போட்டுப் பாடுன்னாக. பாடிப் பாத்தேன். அது என்னையக் கேக்காம அது பாட்டுக்கு ஓடுது."

இந்த இடத்தில் நான் தண்ணீர் குடித்தேன். ஏத்தம் என்று அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. அவளுடைய பாட்டில் எல்லோரும் பாடிப் பாடி ஆடுகிற இடம் அது. 'எங்க ஊருக்கு எத்தன ஸ்டாப்பு' என்கிற அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு முறையும் அரைக் கட்டை மேலே ஏறுவாள். மூன்று ஏற்றம். பஸ் மேடேறும்போது கியர் மாற்றுகிற மாதிரி இருக்கும். ஷெட்டில் எல்லோரும் பாடுவார்கள். நானும் வாய்க்குள் பாடியிருக்கிறேன்.

"அந்த ஏத்தம் எப்படிம்மா தோணுச்சு?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் தயார் செய்யாமல் கேட்ட ஒரே கேள்வி.

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். டயர் கடையில் காற்றுப் பிடிக்கிற சத்தம் மேலே வரைக்கும் வந்தது.

"அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது."

"ஏன்?"

"அது உங்க வீடியோவுல இருந்து எடுத்தது."

என் கால் வாசல் பக்கம் போனது உண்மை. எழுந்தேனா என்று நினைவில்லை. நவீன் பிறகு வீடியோவைப் போட்டுக் காட்டியபோது பாதி எழுந்த நிலையில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"அந்தக் கண்றாவியையா?" என்றேன்.

"எல்லாரும் பாக்குறது துண்டுண்ணே. மாடு கத்துன மாதிரி வந்ததும் கட் ஆயிரும். ஹாஸ்டல்ல நாங்களும் அதைத்தான் பாத்துச் சிரிச்சோம், பொய் சொல்லல. அப்புறம் ஒரு வீக்லி ஆஃப்ல, இதுக்கு மேல என்னதான் ஆச்சுன்னு தேடிப் பாத்தேன். மைக்செட்காரரு முழுக் கச்சேரியும் போட்டுருக்காரு. நீங்க முழுசாப் பாத்துருக்கீகளா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"துண்டையே நான் பார்த்தது கெடையாது. மத்தவங்க பார்க்கும்போது கேட்டிருக்கேன்."

துண்டுக்குப் பின்னால்

அவள் போனை எடுத்து என் பக்கம் நீட்டினாள். மஞ்சு கேமராவோடு கிட்டத்தில் வந்தார். பார்க்காமலிருக்க வழியில்லை.

கரண்ட் போகிறது, வருகிறது. மாடு கத்துகிறது. சிரிப்பு. வழக்கமாக அங்கே முடிந்துவிடும். இதில் முடியவில்லை.

போனுக்குள் இருந்த தனபால் வாசிப்பதை நிறுத்தவில்லை. வலது கை அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறது. இடது கை பட்டனுக்குப் போகிறது. ஒரு தட்டு, வரி அரைக் கட்டை ஏறுகிறது. இன்னொரு தட்டு, இன்னும் ஏறுகிறது. லோகநாதன் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். மூன்றாவது தட்டு. வரி போய் அவருடைய சுருதியில் சரியாக உட்காருகிறது. அவர் கையைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து பாட்டை எடுக்கிறார். கூட்டத்தில் விசில்.

விசில் அடித்தது எனக்கு நினைவே இல்லை. சிரிப்பு மட்டும்தான் காதில் நின்றிருந்தது.

"இந்த மூணு படிய எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கு இல்லண்ணே. பஸ்ல அதையே முணங்கிக்கிட்டு வந்தேன். ஒருநா வார்த்தை வந்து ஒட்டிக்கிச்சு."

"அது மிஷின் பண்ணதும்மா."

"மிஷின் தானா பட்டனை அமுக்கிக்குமா?"

"தப்புலருந்து தப்பிக்க அமுக்கினேன். அதுல படைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நானும் தூக்கம் வராம இருக்கத்தாண்ணே பாடுனேன். ஸ்டாப்பு தாண்டிப் போயிட்டா நடந்து வரணும்."

ஜெயா, "ரெண்டு தடவ நடந்துருக்கோம்" என்றாள்.

நவீன் மூலையில் இருந்த கீபோர்டைக் காட்டி வாயைத் திறந்தான். அவன் சொல்லும் முன்பே முத்துப்பிரியா பாட ஆரம்பித்துவிட்டாள். எந்தக் கட்டை என்று யாருக்கும் சொல்லவில்லை. மாஸ்க்கை இறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பஸ்ஸில் இருக்கிற மாதிரியே லேசாக ஆடிக்கொண்டு பாடினாள்.

நான் போய் அந்த கீபோர்டுக்கு முன்னால் நின்றிருந்தேன். வேறு கம்பெனி மாடல். பட்டன் எங்கே இருக்குமோ என்று ஒரு கவலை. இடது ஓரத்தில் இருந்தது. ஒரு கட்டையை மெதுவாக அமுக்கிப் பார்த்தேன். அவள் ஒன்றரைக் கட்டை கீழே நின்றாள். மைனஸ், மூன்று தட்டு. விரல் வெள்ளையில் உட்கார்ந்தது. ஏற்றம் வந்தது. அவள் ஒரு படி ஏற, நான் ஒரு தட்டு. இன்னொரு படி, இன்னொரு தட்டு. மூன்றாவது படியில் அவள் வழக்கத்தைவிட நீட்டினாள். எங்கே இறங்குவாளோ என்று நான் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அண்ணா, என்ன வெறும் வெள்ளையிலயே போறீங்க?" என்றான் நவீன்.

முப்பது வருஷமாக ஜரிகைத் துணி போட்டு மறைத்த விஷயம் இப்படி டயர் கடை மாடியில் கேமரா முன்னால் வெளியே வந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஜெயா பஜ்ஜிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சு, "போக்கஸ் ஹோயித்து, இன்னொந்து சல" என்று இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"எனக்கு அவ்ளோதாம்பா தெரியும்" என்றேன்.

முத்துப்பிரியா, "எனக்கு அதுதாண்ணே வேணும்" என்றாள். "நான் எங்கிட்டுப் போனாலும் பின்னாலயே வர்ற ஆளு."

நாணயம் தேடியது

ஜவளகிரிக்கு வருவீர்களா என்று அவள் கேட்டாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்து இல்லை என்று சொல்வதுதான் என் வழக்கம்.

"நூத்தியொண்ணு குடுத்தா வருவீகளா?"

"உனக்கு அது எப்படித் தெரியும்?"

"உங்க வீட்டுக்காரம்மாகிட்ட நவீன் அண்ணன் போன்ல கேட்டாராம். 'குடுத்துப் பாருங்க, கைய எங்க ஒளிக்கிறாருன்னு பார்ப்போம்'னுச்சாம்."

நான் நவீனைப் பார்த்தேன். அவன் விளக்கைப் பார்த்தான்.

முத்துப்பிரியா பையிலிருந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்துவிட்டாள். ஒரு ரூபாய் நாணயம் இல்லை. நவீனிடம் இல்லை, அவன் பத்து ரூபாய் டீக்கும் போனைத்தான் நீட்டுகிறவன். மஞ்சு எல்லாப் பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பார்த்தார்.

"போன்ல அனுப்பிரட்டுமாண்ணே?"

"செல்லாது" என்றேன். நாணயம் கிடைக்கக் கூடாது என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் செல்லாது என்று நான் சொன்னபோதே பேரத்துக்குள் வந்துவிட்டேன் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஜெயா தன் பர்ஸுக்குள் விரலை விட்டு ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். குலசாமிக்கு நேர்ந்து முடிந்து வைத்த காசு.

"ஏய், சாமிக் காசுடி" என்றாள் முத்துப்பிரியா.

"ஊருக்குப் போனா ரெண்டாக் குடுத்துருவேன். சாமி என்னைய விட நல்ல சாமி, அவசரப்படாது." பல்லால் முடிச்சை அவிழ்த்தாள். நாணயத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

முத்துப்பிரியா தாளின்மேல் நாணயத்தை வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். மாஸ்க்கை அப்போதுதான் இறக்கினாள். கேமரா அவளுக்குப் பின்னால் இருந்தது, அதனால் அந்த வீடியோவில் அது இல்லை. சாதாரண முகம். மூக்கின்மேல் மாஸ்க் அழுத்திய கோடு இருந்தது.

"உங்க ரேட்டு என்னண்ணே?"

"மூவாயிரத்து ஐந்நூறு. பழைய ரேட்டு."

"சரிண்ணே."

என் கை பின்னால் கட்டியிருந்தது. கட்டியது எப்போது என்று தெரியாது. வலது கையை முன்னால் கொண்டுவந்தேன். கொஞ்சம் நேரமானது. நவீன் அந்த இடத்தை வெட்டவில்லை, நீளமாகவே விட்டிருக்கிறான். எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் அதற்கும் ஒரு வாரம் தூக்கம் போகும்.

இதை எழுதும்போது ஜவளகிரிக் கச்சேரிக்கு இன்னும் நாளிருக்கிறது. கீபோர்டைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துவிட்டேன். கரண்ட் போனாலும் அணையாமலிருக்க பாட்டரிப் பெட்டி ஒன்று வாங்கி இணைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியை நம்பலாமா என்று கவலையாக இருக்கிறது. ஸ்டாண்டு ஆடுகிறது. ஜரிகைத் துணியைக் கமலா துவைத்து வைத்தாள். வேண்டாம் என்று மடித்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன்.

கைக்கு வந்தது நூற்றியோரு ரூபாய். வர வேண்டிய பாக்கி மூவாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.